கறுப்புத் திரையும் அவசர ஃபார்மட்டும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அவை இல்லாத அலுவலகக் கணினிகள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கைமாறி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் வந்து சேர்கின்றன. பெட்டியில் குறையேதும் இல்லை. லினக்ஸ் மின்டோ உபுண்டுவோ டெபியனோ ஏற்றினால் ரோஜாக் குடில்காரரின் பில்லும், ஜெராக்ஸ் கடையின் பிரின்டும், கல்லூரிப் பிள்ளையின் புராஜெக்டும் தாராளமாக நடக்கும்.

ஆனால் ஒரு நாள் காலை பட்டனை அழுத்தினால் டெஸ்க்டாப் வராது. கறுப்புத் திரை, ஓரத்தில் வெள்ளை எழுத்து, அல்லது அதுகூட இல்லை. உடனே ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கட்டளைகளைப் போனில் சொல்லித் தட்டச் சொல்வதுபோல உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

“வெள்ளை எழுத்துல வந்து நின்னுடுச்சு. சிஸ்டம் காலி!”

அந்த வெள்ளை எழுத்தின் கடைசி வரியில் கணினியின் பெயரும், பக்கத்தில் ‘லாகின்’ என்ற சொல்லும் இருக்கிறதா? இருந்தால் சிஸ்டம் காலியாகவில்லை. கிட்டத்தட்ட முழுவதுமே வேலை செய்திருக்கிறது.

மின்சாரம் பாய்ந்ததும் முதலில் பயாஸ் எழுந்து கம்பெனி லோகோவைக் காட்டும். அது கிரப் என்னும் சிறு நிரலை அழைக்கும். கிரப் கர்னலை ஏற்றும். கர்னல் தற்காலிகமான ஒரு குட்டிக் கோப்பமைப்பை வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கும். பிறகு பொறுப்பு சிஸ்டம்டி கைக்குப் போகும். நெட்வொர்க், பிரின்டர், நேரம் என்று ஒவ்வொரு சேவையாகத் தொடங்குவது அதன் வேலை. எல்லாம் முடிந்தபின் டிஸ்ப்ளே மேனேஜர் என்ற ஒன்றைக் கூப்பிடும். பெயர் கேட்டு, பாஸ்வேர்ட் கேட்டு, டெஸ்க்டாப்பைத் திறந்துவிடும் வாயிற்காப்பான் அதுதான். மின்டில் பெரும்பாலும் லைட்-டிஎம், உபுண்டுவில் ஜிடிஎம்3, கேடிஇ போட்டவர்களுக்கு எஸ்டிடிஎம்.

எழுத்து வடிவ லாகின் வந்திருக்கிறது என்றால் இந்தக் கடைசி ஆளைத் தவிர மற்ற எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஓசூரில் கிளம்பிய தளி பஸ் மதகொண்டப்பள்ளியில் நின்றால் மிச்ச தூரத்துக்கு வழி பார்ப்போமே தவிர, பஸ்ஸைக் காயலான் கடைக்கு அனுப்ப மாட்டோம். பெரிய தரவு மையங்களில் ஓடும் லினக்ஸ் சர்வர்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் இந்தக் கறுப்புத் திரையிலேயே குடித்தனம் நடத்துகின்றன.

எழுத்தே இல்லாமல் திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3-ஐ அழுத்துங்கள். லாகின் கேட்டால் பயனர் பெயரைத் தட்டி, பாஸ்வேர்டையும் தட்டுங்கள். பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது. ‘கீபோர்டும் போச்சு’ என்று இன்னொரு தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

“இனிட்-டேப் ஃபைல்ல 5 போட்டா தானா வந்துடும்.”

இந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய, டெபியனை அடித்தளமாகக் கொண்ட இயங்குதளம் அது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றபோது, அரசு அலுவலகங்களும் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநில அரசு சொன்னது. நம் பக்கத்தில் பலர் லினக்ஸ் என்ற பெயரையே அந்தக் கணினியில்தான் முதலில் பார்த்தார்கள். அப்போது கேட்டு வைத்த வைத்தியங்கள் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸில் அந்தக் காலத்தில் ‘ரன்லெவல்’ 3 என்றால் எழுத்துத் திரை, 5 என்றால் படத்திரை. இனிட்-டேப் என்ற கோப்பில் அந்த எண்ணை மாற்றினால் உண்மையிலேயே பலன் கிடைத்தது. ஆனால் டெபியனில் 2 முதல் 5 வரை எல்லா ரன்லெவலும் ஒன்றுதான். உபுண்டுவோ 2006-இலேயே அந்தக் கோப்பைக் கைவிட்டுவிட்டது. ஆக, பாஸ் லினக்ஸ் வைத்திருந்தவருக்கு இந்த வைத்தியம் அன்றைக்கே பலித்திருக்காது. 2015-இல் வந்த டெபியன் 8 சிஸ்டம்டிக்கு மாறியபின் அந்தக் கோப்பை யாரும் படிப்பதே இல்லை.

இன்றைய நிலவரம் இது: சிஸ்டம்டி எதுவரை போக வேண்டும் என்பதை ‘டிஃபால்ட் டார்கெட்’ என்ற ஒரு இணைப்பு தீர்மானிக்கிறது. ‘சிஸ்டம்-சிடிஎல் கெட்-டிஃபால்ட்’ என்று கேட்டால் பதில் வரும். (முதலில் வரும் ‘சிஸ்டம்-சிடிஎல்’ ஒரே சொல், ‘கெட்’டுக்குப் பிறகு மட்டும் சின்னக் கோடு.) பதில் ‘மல்டி-யூசர்’ என்று வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. எழுத்துத் திரையோடு நில் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அதுவும் கீழ்ப்படிந்து நிற்கிறது. ‘ராம் மிச்சமாகும்’ என்று கம்பெனியில் சர்வர் பார்க்கும் தம்பி மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். நிர்வாகி உரிமை தரும் ‘சுடோ’வை முன்னால் சேர்த்து, ‘சிஸ்டம்-சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிகல் டாட் டார்கெட்’ என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

பதில் ‘கிராஃபிகல்’ என்றே வந்தும் டெஸ்க்டாப் வரவில்லையா? முதலில் கிரப்பின் கர்னல் வரியை, அதாவது கர்னலை ஏற்றும்போது கிரப் கொடுக்கும் கட்டளை வரியைப் பாருங்கள். அதன் கடைசியில் தனியாக ஒரு 3 ஒட்டிக்கொண்டிருந்தால், டிஃபால்ட் என்னவாக இருந்தாலும் சிஸ்டம்டி அந்த 3-க்குத்தான் மதிப்புக் கொடுக்கும்.

“ஸ்டார்ட்-எக்ஸ் அடிச்சா வருதே, அப்புறம் ஏன் தானா வரல?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட்-எக்ஸ் என்று தட்டியதும் டெஸ்க்டாப் வருகிறது என்றால் கிராஃபிக்ஸ் கார்டு நலம், டிரைவர் நலம், டெஸ்க்டாப் நிரல்களும் நலம். இல்லாமல் போனது வாயிற்காப்பான் மட்டும்தான். ஸ்டார்ட்-எக்ஸ் அவனைத் தாண்டி நேரே உள்ளே போகிற கொல்லைப்புற வழி.

டெபியனைக் குறைந்தபட்சமாக ஏற்றிவிட்டு, பிறகு எக்ஸ்எஃப்சிஇ4 தொகுப்பை மட்டும் சேர்த்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதோடு டிஸ்ப்ளே மேனேஜர் வந்து சேராமல் போகலாம். ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லைட்-டிஎம்’ என்று தனியாகச் சேர்த்துவிட்டால் அடுத்த முறை தானாக வரும். இரண்டு டிஸ்ப்ளே மேனேஜர்கள் இருந்து, ஒன்றை நீக்கியபின் மற்றது எழாமல் போவதும் உண்டு. டெபியன் குடும்பத்தில் யாருக்கு முறை என்பது ஒரே ஒரு வரி கொண்ட சிறு கோப்பில் இருக்கிறது. அதைக் கையால் திருத்த வேண்டியதில்லை. ‘சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்-டிஎம்’ என்று கொடுத்தால் யாரை வைக்கட்டும் என்று அதுவே கேட்கும்.

இந்த இடத்தில் பலர் ‘சிஸ்டம்-சிடிஎல் எனேபிள் ஜிடிஎம்3’ என்று தட்டுகிறார்கள். ‘இந்த யூனிட்டுக்கு இன்ஸ்டாலேஷன் விவரம் எதுவும் இல்லை’ என்ற பொருளில் நீளமாக ஒரு செய்தி வரும். பார்த்தால் பிழை மாதிரிதான் இருக்கும், ஆனால் பிழை இல்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் இந்த வேலை அந்தச் சிறு கோப்பின் வழியாக நடப்பதால் வருகிற பதில் அது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு யோசனை கொஞ்சம் விஷமமானது: “வரலைன்னா சுடோ போட்டு ஸ்டார்ட்-எக்ஸ் அடி.” வரும், ஆனால் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக வரும். 19.10-க்கு முந்தைய உபுண்டுவிலும் அதைச் சார்ந்து வந்தவற்றிலும் சுடோ போட்டாலும் ஹோம் ஃபோல்டர் உங்களுடையதாகவே இருக்கும். அதனால் உங்கள் ஃபோல்டரில் ‘டாட் எக்ஸ்-அத்தாரிட்டி’ போன்ற மறைவான கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகிவிடும். அடுத்த நாள் லாகின் திரை அழகாக வரும். சரியான பாஸ்வேர்டைத் தருவீர்கள். திரை ஒரு நொடி கறுத்து மறுபடி லாகின் திரைக்கே திரும்பும். தன் கோப்பைத் தானே எழுத முடியாமல் உங்கள் கணக்கு தவிக்கிறது. ‘எல்எஸ், மைனஸ் எல்ஏ’ என்று கொடுத்தால் யார் பெயரில் எது இருக்கிறது என்று தெரியும். ரூட் பெயரில் இருப்பதை ‘சுடோ சோன்’ கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பை மட்டும் என்றால் நீக்கினாலும் பாதகமில்லை, அடுத்த லாகினில் புதிதாகப் பிறக்கும்.

“ஐநூறு ஜிபி டிஸ்க் சார், அது எப்படி நிறையும்?”

நிறையும். லினக்ஸை ஏற்றும்போது சிஸ்டம் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு முப்பது ஜிபி மட்டும் ஒதுக்கி, மிச்சத்தை வேறு பார்ட்டிஷனுக்குக் கொடுத்திருந்தால் நிறைவது அந்த முப்பதுதான். மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற வசதி சிஸ்டத்தின் நகல்களை எடுத்து வைக்கும். நல்ல வசதி, ஆனால் அந்த நகல்கள் ரூட் பார்ட்டிஷனிலேயே குவிந்தால் ஒரு நாள் இடம் தீரும்.

இதில் குழப்புகிற நுட்பம் ஒன்று உண்டு. எக்ஸ்டி4 கோப்பமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்றே ஒதுக்கி வைக்கும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று உங்களுக்குக் கைவிரித்த பிறகும் ரூட்டின் சேவைகள் அந்த 5 சதவீதத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் டிஸ்ப்ளே மேனேஜர் எழும், லாகின் திரை வரும், உங்கள் டெஸ்க்டாப் மட்டும் வராது. மேலே சொன்ன அதே லாகின் சுழல், காரணம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் அடுத்தவருக்குப் பலிப்பதில்லை.

‘டிஎஃப், இடைவெளி, மைனஸ் எச்’ என்று தட்டுங்கள். ரூட் பார்ட்டிஷனின் வரி நூறு சதவீதம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ‘சுடோ ஆப்ட் கிளீன்’ கொடுங்கள், இறக்கி வைத்த பழைய தொகுப்புகள் போகும். டைம்ஷிஃப்டின் பழைய நகல்களை நீக்குங்கள். டெஸ்க்டாப் எழுவதற்குச் சில நூறு எம்பி கிடைத்தாலே போதும், மிச்சத்தை உள்ளே போய்ச் சாவகாசமாகத் துப்புரவு செய்யலாம்.

“கிராஃபிக்ஸ் கார்டு போச்சு.” “இல்ல, தளிக் குளிருக்கு அப்படித்தான்.”

தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று கூப்பிட்டார்களாமே, அந்தப் பெருமையில் நம் ஊர்க் குளிரின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிடுகிறோம். மார்கழிக் குளிரெல்லாம் பிராசஸருக்குச் சுகம்தான். கார்டோ ராமோ உண்மையிலேயே செத்திருந்தாலும், ஸ்லாட்டில் சரியாகப் பதியாமல் இருந்தாலும், பயாஸ் லோகோவே பெரும்பாலும் வராது. பீப் ஒலிதான் வரும். லோகோ வந்து, கிரப் வந்து, அதற்குப் பிறகு கறுத்தால் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை.

என்விடியா கார்டு இருக்கும் பெட்டிகளில் இது அதிகம். கர்னல் புதிதாக வரும்போதெல்லாம் என்விடியாவின் டிரைவர் அதற்கேற்ப மறுபடி கட்டப்பட வேண்டும். அதற்குக் கர்னலின் ஹெடர் தொகுப்பு இருக்க வேண்டும். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் டிரைவருக்குக் கையொப்பமும் வேண்டும். ஏதாவது ஒன்று தவறினாலும் கறுப்புதான். பழைய கார்டுகளுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி. ஃபெர்மி தலைமுறைக்கு 390. புதிய கர்னல்களோடு அவை ஒத்துப்போகாத நாள் வந்தே தீரும். அப்படிப்பட்ட கார்டில் நூவோ என்ற திறமூல டிரைவரோடு சமாதானமாகப் போய்விடலாம். இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் போதுமென்றால் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகலாம்.

சோதிப்பது எளிது. பெட்டி எழும்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், புது யுஇஎஃப்ஐ பெட்டி என்றால் எஸ்கேப்பைத் தட்டுங்கள். கிரப் பட்டியல் வரும். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. அதுவும் வராவிட்டால் கர்னல் வரியின் கடைசியில் ‘நோ-மோட்-செட்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்துப் பாருங்கள். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது கிராஃபிக்ஸை அடிப்படை நிலைக்கு இறக்கி ஓட்டுகிறது. வீடியோ திணறும், திரையின் அளவும் கோணலாகலாம்.

“கரன்ட் போய் வந்துச்சு, ஹார்ட் டிஸ்க் செத்துடுச்சு.”

செத்திருக்கலாம், ஆனால் அது சந்தேகப் பட்டியலில் கடைசியில் வர வேண்டிய பெயர். எக்ஸ்டி4 தான் செய்யப்போவதை முதலில் ஒரு ஜர்னலில் குறித்துக்கொண்டு பிறகுதான் செய்யும். திடீரென்று மின்சாரம் போனால் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கும் மேல் சேதம் என்றால் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்-ராம்-எஃப்எஸ்’ என்று எழுதிக்கொண்டு நின்றுவிடும், ‘எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு’ என்றும் சொல்லும். எந்தப் பார்ட்டிஷன் என்று அதே திரையில் இருக்கும். ‘எஃப்எஸ்சிகே, மைனஸ் ஒய்’ என்று தட்டி, அந்தப் பெயரையும் கொடுத்து, முடிந்ததும் ‘எக்ஸிட்’ கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதே திரை வாராவாரம் வந்தால் மட்டும் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். சாட்டா ஒயரையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

மின்வெட்டின் மேல் பழி விழும் இன்னொரு வேடிக்கையான கேஸ் உண்டு. பெட்டியில் இரண்டாவது டிஸ்க் ஒன்று இருந்து, அதை யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். எந்தெந்த டிஸ்க்கை மாட்ட வேண்டும் என்று சொல்லும் ‘எஃப்எஸ்-டேப்’ கோப்பில் அதன் பெயர் இன்னும் இருக்கும். சிஸ்டம்டி அது வரும் வரும் என்று ஒன்றரை நிமிடம் காத்திருக்கும், திரையில் நொடிகளும் ஓடும். வராததால் ‘எமர்ஜென்சி மோட்’ என்று அறிவித்து நின்றுவிடும், ரூட் பாஸ்வேர்டையும் கேட்கலாம். எமர்ஜென்சி என்ற சொல்லைப் பார்த்ததும் நம் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வண்டி ஏறிவிடுவார். கோப்பில் அந்த ஒரு வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் தீர்ந்தது. அவ்வப்போது மட்டும் மாட்டுகிற டிஸ்க் என்றால் அந்த வரியில் ‘நோ-ஃபெயில்’ என்று சேர்த்துவிட்டால் அது இல்லாத நாளிலும் பெட்டி எழும்.

“நான் எதையும் தொடவே இல்லையே!”

இதைச் சொல்பவர் பொய் சொல்வதில்லை. டெஸ்க்டாப்பை யாரும் வேண்டுமென்றே நீக்குவதில்லை. வேறெதையோ ஏற்றும்போது அல்லது நீக்கும்போது அதுவும் கூடவே போய்விடும். உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2021 நவம்பரில் வெளியான வீடியோவில் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை ஏற்றப் போனார். தொகுப்பில் இருந்த ஒரு பிழையால், டெஸ்க்டாப்பை நீக்கினால்தான் ஸ்டீமை ஏற்ற முடியும் என்ற முடிவுக்கு, தொகுப்புகளை ஏற்றி இறக்கும் ஆப்ட் வந்திருந்தது. அதை எச்சரிக்கையாகவும் சொன்னது, ஒப்புதலாக ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னது. அவரும் தட்டினார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப் காணாமல் போனது.

என்ன போனது என்று ஊகிக்கத் தேவையில்லை. ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘ஹிஸ்டரி டாட் லாக்’ என்ற கோப்பு. எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால் எது ஏறியது, எது இறங்கியது என்று முழுதாக எழுதி வைத்திருக்கும். ‘ரிமூவ்’ என்று தொடங்கும் வரியில் மின்டின் சினமன், உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற பெயர்கள் தென்பட்டால் அவற்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள். டிஸ்ப்ளே மேனேஜர் ஏன் விழுந்தது என்று அதன் வாயாலேயே கேட்கவும் வழியுண்டு: ‘ஜர்னல்-சிடிஎல், இடைவெளி, மைனஸ் பி, இடைவெளி, மைனஸ் யு, இடைவெளி, டிஸ்ப்ளே-மேனேஜர்’. போனில் யாரிடமாவது உதவி கேட்பதென்றால் “டெஸ்க்டாப் வரல அண்ணா” என்று சொல்வதைவிட அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவது மேல்.

“எதுக்கு வம்பு, ஃபார்மட் அடிச்சிடலாம்.”

ஃபார்மட் அடித்தால் டெஸ்க்டாப் வரும், மறுப்பதற்கில்லை. பூ அனுப்பிய கணக்கும், பிள்ளையின் புராஜெக்டும், குழந்தை நடை பழகிய வீடியோவும் திரும்ப வராது. அதிலும் முழு டிஸ்க்கையும் அழித்து ஏற்று என்ற முதல் தேர்வையே கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிற பழக்கம் நம் கடைகளில் இருக்கிறது.

வேறு வழியே இல்லை என்று ஆனாலும், லினக்ஸை ஏற்றக் கொண்டுவந்த அதே பென்டிரைவில் ‘டிரை’ என்று ஒரு தேர்வு இருக்கும், மின்டில் அது நேராகவே லைவ் டெஸ்க்டாப்பாக எழும். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ஒரு முழு டெஸ்க்டாப் கிடைக்கும். ஃபைல் மேனேஜரைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கிளிக் செய்து, ‘ஹோம்’ ஃபோல்டருக்குள் இருக்கும் உங்கள் பெயர் கொண்ட ஃபோல்டரை முழுவதுமாக வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். திறக்க விடாமல் பூட்டுப் போட்டுக் காட்டினால் டெர்மினலில் சுடோ போட்டு நகலெடுக்கலாம். கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுப்பது அதற்குப் பிறகு. கொடுக்கும்போது, ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதைத் தொடாமல் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். நகல் எடுத்தாகிவிட்டது என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம், கொஞ்சம் கவனமாகவே செய்வார்.